ஒத்தையில் எரியாது

அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு குக்கர் வாஷர்.

பழைய வாஷர் இறுகி வெடித்துப் போயிருந்தது. விசில் வருவதற்கு முன்பே ஓரமெல்லாம் ஆவி கசியும். சோற்றுக்கு அது பெரிய குறை இல்லை. அவருடைய கடல் தண்ணீருக்குத்தான் குறை. "ஆவி ஒழுகிச்சின்னா கிருமி சாவாது ராணி. உத்திரமேரூர் போனா மறக்காம ஒண்ணு வாங்கி வெச்சிடு" என்றார். கையில் டிபன் டப்பா, தோளில் பை.

"எப்போ வருவீங்க?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வீட்டுக்குள் இருந்த இருட்டறைப் பக்கம் தாடையைக் காட்டினார்.

"வெளக்கு அணையறதுக்குள்ள வந்துருவேன்."

காலை ஆறு மணி பஸ். ஐப்பசி மாதம். மழை இல்லை, வானம் மட்டும் மூடிக் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கும்படி அன்று எதுவும் இல்லை.

இதை யாரிடம் சொல்லத் தொடங்கினாலும், "ராத்திரி எத்தனை மணி இருக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கதை கட்டுகிறவளாக இருந்தால் ராத்திரியில்தான் கட்டியிருப்பேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ரைஸ்மில் சங்கு ஊதி முடித்து, முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அதைக் கனவு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

அது 1978. திருப்புலிவனத்தில் எங்கள் வீடு. என் கணவர் வேதகிரி, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடற்கரையில் இருந்த ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வருவார். கடல் தண்ணீரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை. என் மாமனார் சடையப்பன் ஊராரிடம் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஊரான் ஊரான் மீனு புடிக்கிறான். எம்புள்ள மீனு மேல இருக்கிற அழுக்கப் புடிக்கிறான்."

அந்த 'அழுக்கு' இருட்டில் எரியும். அதுதான் அவருடைய ஆராய்ச்சி. கடலில் சில மீன்களின் தோலிலும், சில இடத்துத் தண்ணீரிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர். சூடில்லாத, நீலமும் பச்சையும் கலந்த ஒரு வெளிச்சம்.

நிலையத்தில் கரண்ட் அடிக்கடி போகும். வளர்த்து வைத்தது செத்துவிடும். அதனால் ஒரு பங்கை எங்கள் வீட்டில் வைத்திருந்தார். நெல் கொட்டி வைக்கும் அறை. தடித்த மண்சுவர், ஜன்னல் கிடையாது. சித்திரை வெயிலிலும் உள்ளே குளிரும். நடுப்பகலிலும் கதவைச் சாத்தினால் கை தெரியாது. அங்கே ஒரு பலகையின் மேல், பஞ்சால் வாய் அடைத்த கூம்புக் கண்ணாடிக் குடுவை. அதன் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். தண்ணீர் அந்தக் கோடு வரை. பஞ்சு வழியாக ஆவி போய்க்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு நூல் அளவு கோட்டை விட்டு இறங்கும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அதனால் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார். கேனில் வரும் கடல் தண்ணீரில் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, குக்கரில் வைத்து எடுக்க வேண்டும். ஆறியதும் பழைய குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து இதில் விட வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். வாரம் ஒரு முறை ஊற்றவில்லை என்றால், பத்து நாளில் விளக்கு அணைந்துவிடும்.

அந்த உயிரைத் தட்டில் வளர்க்கக் கடல்பாசி வேண்டும். அது உத்திரமேரூரில் ஹபீபுல்லா பாய் கடையில் கிடைக்கும்.

"நோன்பு இல்லாத நாள்ல கடப்பாசி வாங்குற ஒரே ஆளு உங்க வூட்டுக்காரருதாம்மா" என்பார் பாய். "அதுலயும் சக்கர வேணாம், ஏலக்கா வேணாமாம். கருவாட்டுத் தண்ணி ஊத்துறாராமே! கேட்டதுலர்ந்து எங்க வூட்ல கடப்பாசி எறங்க மாட்டுது."

"கிருமிக்கு பாய்."

"கிருமிக்கு விருந்து வெக்கிற வூட்ட இப்பத்தான் பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு மணி சங்கு ஊதியதும் அவர் என்னை அந்த அறைக்குள் கூட்டிப்போவார். கதவைச் சாத்துவார். கண் பழகும் வரை பேசக் கூடாது. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு குடுவையின் மேல்மட்டத்தில் மட்டும் ஒரு மோதிரம் போல மெல்லிய வெளிச்சம். அவர் குடுவையைக் கையில் எடுத்துச் சுழற்றுவார். களக்… களக்… உடனே குடுவை முழுக்கப் பற்றிக்கொள்ளும். அவர் முகம், என் வளையல், நெல் மூட்டை எல்லாம் நீலமாகத் தெரியும்.

"அசையாம இருந்தா அடியில காத்து போவாது. மேல மட்டும்தான் எரியும். ஆட்டினாத்தான் முழுசும் எரியும்."

அவர் பீச்சாங்கைக்காரர். சுழற்றுவதும் இடப்பக்கமாகத்தான் சுழற்றுவார். நான் சுழற்றினால் வலப்பக்கமாகச் சுழலும். "உன் கடலு வேற, என் கடலு வேற" என்று சிரிப்பார்.

ஒரு தடவை நான் கேட்டேன். "கடல்ல ஒண்ணே ஒண்ணு தனியா இருந்தா எவ்வளவு வெளிச்சம் வரும்?"

"வராது. ஒத்தையில எரியாது ராணி. கூட்டம் சேர்ந்தாத்தான் எரியும். நாம எத்தினி பேரு கீறோம்னு அதுங்களுக்கு எப்படியோ தெரியிது. போதுமான ஆளு சேர்ந்ததும், எல்லாம் ஒரே நேரத்துல எரியும்."

"சேரலன்னா?"

"நடுக்கடல்ல ஒவ்வொண்ணும் தனியாத்தான் மெதந்துகினு கீது. எரியறதும் இல்ல, சாவறதும் இல்ல. காத்துக்கினு கீது. எதுக்குக் காத்துக்கினு கீதுன்னுதான் நான் கண்டுபிடிக்கணும்."

இதை அவர் இருட்டில் சொன்னார். அப்போது எனக்குப் பயமாக இல்லை.

அவர் போன நாலாம் நாள், வியாழக்கிழமை, நான் உத்திரமேரூர் போய் வாஷர் வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை. எங்கள் வாசலில் தந்திக்காரர் குடையோடு நின்றிருந்தார்.

வேதகிரி ஆழ்கடல் தண்ணீர் எடுக்கப் போன படகு திரும்பவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான் தந்தி. நான் அதை வாய்விட்டுப் படித்தேன். புரியாதது போல மறுபடியும் படித்தேன். மாமா மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் வீட்டுக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சாவுச் செய்தி வந்தால், வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் எதுவும் நிற்கக் கூடாது. குடம், அண்டா, தவலை, சொம்பு, எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும். எல்லம்மாள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை; புருஷனை இழந்து எங்களோடேயே இருந்தவள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். நான் உள்ளே ஓடியபோது முற்றமெல்லாம் தண்ணீர். புடவை நனைந்து, கையில் காலிக் குடத்தோடு மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

"நிறுத்து! யாரு செத்தாங்க? தந்தியில செத்தாருன்னு போட்டுகீதா?"

"வழக்கம்டி ராணி… கொட்டிட்டேன்… எல்லாத்தையும்…"

"திருப்பி மொண்டு வை. இப்பவே. ஒண்ணு விடாம எல்லாத்தையும் மொண்டு வை!"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் குடத்தோடு கிணற்றடிக்கு ஓடினாள்.

பொழுது சாயும் முன் நான் இருட்டறைக்குப் போனேன். குடுவை அதன் இடத்தில் இருந்தது. தண்ணீர் சிவப்புக் கோட்டில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். கண் பழகக் காத்திருந்தேன்.

எரிந்தது.

அணையறதுக்குள்ள வந்துருவேன் என்று சொன்னாரே. அணையவில்லையே. வருவார். அன்றே அந்த அறைக்குப் பூட்டுப் போட்டேன். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். அதன் பிறகு என்னைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை. இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்வேன்.

பிறகு வந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பஸ் போனதும் இருட்டறைக்கு ஓடுவேன். வாசல், அறை, வாசல், அறை. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால், பொறுக்கிய கல்லையே திரும்ப அரிசியில் போட்டிருப்பேன்.

அந்த ஓட்டத்தில் முதல் தப்பு என் கண்ணில் படவே இல்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோதான் பட்டது.

நான் குடுவையை ஆட்டவே இல்லை. தொடவே இல்லை. ஆனால் அது மேலே மட்டும் எரியவில்லை. அடி வரைக்கும் முழுசாக எரிந்தது.

யாரோ இப்போதுதான் ஆட்டி வைத்த மாதிரி.

ஏதோ காற்று என்று நினைத்தேன். ஜன்னல் இல்லாத அறையில் எந்தக் காற்று என்று அப்போது யோசிக்கவில்லை.

"அத்தை, வந்து பாரேன். எப்படி எரியுதுன்னு" என்று எல்லம்மாளைக் கூப்பிட்டேன். அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான் வரல ராணி" என்றாள். எரிகிற அடுப்பில் இன்னும் விறகைத் திணித்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாரம் போனது. கேனில் கடல் தண்ணீர் தீர்ந்திருந்தது. உறை ஊற்ற வழி இல்லை. பத்து நாள் ஆனது. பதினைந்து ஆனது. அணைய வேண்டிய விளக்கு… கூடிக்கொண்டே போனது.

ஒருநாள் கதவைத் திறந்ததும், கண் பழகுவதற்கு முன்பே வெளிச்சம் தெரிந்தது. கிட்டே போனேன். தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. மேலே நுரை ஒரு வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது.

இடப்பக்கமாக.

எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

மறுநாள் பன்னிரண்டு மணி சங்கு ஊதி ஓய்ந்தது. நான் கூடத்தில் இருந்தேன். பூட்டிய கதவுக்குப் பின்னால்…

களக்… களக்…

எல்லம்மாளுக்கும் அது கேட்டது. முறத்தை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது வாரத்தில் தேடுதலை நிறுத்திவிட்டதாக நிலையத்திலிருந்து தகவல் வந்தது. அவரோடு போன படகுக்காரர்கள் இரண்டு பேருடைய வீட்டிலும் காரியம் முடித்துவிட்டார்களாம். அன்று மாமா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவரும் பாதியாகிவிட்டிருந்தார்.

"உடம்பு கெடைக்கலன்னா புல்லுல உருவம் கட்டிக் கொள்ளி வெக்கிறதும்மா. விசாரிச்சிட்டு வந்துட்டேன்."

"அவரு வருவாரு மாமா."

"எங்கேர்ந்தும்மா வருவான்? பெத்தவன் நான் சொல்றேன். அவன இப்படி நடுவுல நிறுத்தி வெக்கக் கூடாது."

"வெளக்கு அணையல."

"இன்னா வெளக்கு?"

பூட்டைத் திறந்துவிட்டேன். மாமா அந்த அறைக்குள் அதுவரை போனதே இல்லை. மகனுடைய வேலை என்று ஒதுங்கியே இருப்பார். உள்ளே போனார். நான் கதவை வெளியிலிருந்து சாத்தினேன்.

நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கீதும்மா" என்றார். "எரியிது. ஆத்தாடி… என்னமா எரியிது!"

கூடத்துப் படியில் காலைத் தேய்த்தார்.

"ஏம்மா, உள்ள தண்ணி கிண்ணி கொட்டி வெச்சிகீறியா? காலெல்லாம் நசநசன்னு கீது."

நான் ஒரு சொட்டும் கொட்டவில்லை. அவர் கால் தேய்த்த ஈரம் வெயிலில் காய்ந்தது. காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

மாமா பார்த்தார். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன்" என்றார். "அதுக்கு மேல நீ மறிக்கக் கூடாது. அவன் உசுரோட கீறான்னா வரட்டும். இல்லன்னா போவட்டும்மா. ரெண்டுல ஒண்ணு."

வியாழக்கிழமை வந்தது. கடைசி நாள்.

மழை விட்டு, வெயில் கண்ணைக் குத்தியது. சங்கு ஊதும் வரை காத்திருந்தேன். அவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் உயிரோடு எங்கோ கரையேறியிருந்தால், காரியம் நடக்க விடக் கூடாது. அதற்கு எனக்கு ஒரு பதில் வேண்டும்.

சங்கு ஊதியது. உள்ளே போனேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். நெல் மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

இருட்டு. வழக்கத்தை விடக் குளிர். வாசனை வேறாக இருந்தது. நெல் வாசனை இல்லை. அவர் சட்டையில் சனிக்கிழமைகளில் வரும் வாசனை.

மெல்ல மெல்லக் குடுவை தெரிந்தது. முழுசாக எரிந்தது. தண்ணீர் இடப்பக்கமாகச் சுழன்றது. பலகை மேல் இருந்தபடியே… யாரும் தொடாமல்…

களக்… களக்…

"வந்துட்டீங்களா?" என்றேன்.

சத்தம் நின்றது.

தண்ணீர் சுழல்வது நின்றது. வெளிச்சம் கீழிருந்து வற்றியது. மேலே ஒரு மோதிரம் மட்டும் நின்றது. அதுவும் போனது.

அணைந்துவிட்டது.

எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போது குடுவை இருந்த இடத்தில் வேறு ஒன்று தெரிந்தது. கண்ணாடி மேல் ஐந்து கோடுகள். நீலமாக. விரல் தடம். யாரோ ஈரக் கையால் குடுவையைப் பிடித்துக் கீழே வைத்த மாதிரி.

சொட்…

சொட்…

பலகைக்குக் கீழே, தரையில், ஒரு பாதம் எரிந்தது. ஈரக் காலின் தடம். பெருவிரல் கொஞ்சம் விலகியிருந்தது. எனக்குத் தெரிந்த பாதம்.

"நீங்கதானா?" என்று கேட்டேன்.

அடுத்த பாதம் எரிந்தது. என் பக்கமாக.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அது அவருடையது இல்லை.

அகலமான பாதம். அதற்குப் பின்னால் ஒல்லியாக ஒன்று. சுவரோரம் ஒன்று. மூட்டைகளுக்கு நடுவில் ஒன்று. ஒன்றன்பின் ஒன்றாக இல்லை. எல்லாம்… ஒரே நேரத்தில்…

ஒத்தையில எரியாது ராணி.

தரை முழுக்கப் பாதங்கள். சுவருக்குச் சுவர். கதவு வரைக்கும்.

எல்லாம் என்னைப் பார்த்து நின்றன.

மூச்சுச் சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

சொட்…

என் வலது மணிக்கட்டில் ஜில்லென்றது.

குனிந்து பார்த்தேன்.

ஐந்து விரல் தடம்.

எரிந்துகொண்டிருந்தது.

பீச்சாங்கை.

தாழை எப்படி எடுத்தேன், எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முற்றத்து வெயிலில் கிடந்தேன். எல்லம்மாள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வெயிலில் கையைத் தூக்கிப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒன்றுமில்லை. முகர்ந்து பார்த்தேன். கடல்.

மாமா வயலிலிருந்து ஓடிவந்தார்.

"நாளைக்கே பண்ணிடுங்க மாமா" என்றேன்.

மாமா ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? என் கணவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். விளக்கு அணைவதற்குள் வந்துவிட்டார். ஆனால் அவரால் தனியாக வர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் புல் உருவத்துக்கு மாமா கொள்ளி வைத்தார். பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் கொள்ளி வைத்தார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அன்று எல்லம்மாள் முறைப்படி வீட்டுத் தண்ணீரைக் கவிழ்த்தாள். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. இருட்டறைக்கு மட்டும் அவள் போகவில்லை. சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், மாமாவைக் கூட வைத்துக்கொண்டு, அறையைத் திறந்து கதவைச் சாத்திப் பார்த்தேன். கண் பழகியும் இருட்டுதான். நானே குடுவையை எடுத்துச் சுழற்றினேன். வலப்பக்கமாகச் சுழன்றது. எரியவில்லை.

மார்கழியில் சாமுவேல் வந்தார். நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர். என்னை அண்ணி என்று கூப்பிடுவார். புயல் மழையில் கரண்ட் போய், நிலையத்தில் வளர்த்தது எல்லாம் செத்துவிட்டதாம். அண்ணன் வீட்டில் ஒரு பங்கு இருக்கிறதே, அதையாவது அவர் பெயரால் காப்பாற்றலாம் என்று வந்திருந்தார்.

"அணைஞ்சிடுச்சி தம்பி" என்றேன். "போன மாசம் வரைக்கும் எரிஞ்சிச்சி."

"பரவாயில்ல அண்ணி. எரியலன்னாலும் ஒண்ணு ரெண்டு உயிரோட இருக்கும். புதுத் தண்ணியில விட்டா மறுபடியும் பெருகும்."

குடுவையைக் கூடத்துக்கு எடுத்துவந்து கொடுத்தேன். அவர் பஞ்சை எடுத்தார். முகர்ந்தார். புருவத்தைச் சுருக்கினார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு சொட்டும் வைத்துப் பார்த்தார்.

"அண்ணி… இது அண்ணனோட குடுவைதானே?"

"அவரு போட்ட கோடு பாருங்க."

"இதுல உப்பே இல்லையே. நல்ல தண்ணி. கெணத்துத் தண்ணி மாதிரி இருக்கு. எப்ப மாத்துனீங்க?"

"நான் மாத்தல."

"கடல் உயிரு அண்ணி. நல்ல தண்ணியில போட்டா உப்பி வெடிச்சிடும். எரியறது இருக்கட்டும், ஒரு நாழிகை உயிரோட இருக்காது. நீங்க எரிஞ்சிதுன்னு சொல்றது இந்தத் தண்ணிய இல்ல. வேற எதையோ பாத்திருக்கீங்க."

மாமா தலை நிமிர்ந்தார். "நானும் பாத்தேனேப்பா" என்றார்.

அடுப்படியில் ஏதோ விழுந்து உருண்டது. எல்லம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் ராணி…"

"இன்னா அத்தை?"

"தந்தி வந்த அன்னிக்கி… எல்லாத்தையும் கொட்டினேன்ல… அதையும்தான். பஞ்ச எடுத்துட்டு முத்தத்துல கவுத்துட்டேன். நீ கத்தினே… ஒண்ணு விடாம மொண்டு வைன்னு. அந்தச் செகப்புக் கோடு வரைக்கும் கெணத்துத் தண்ணிய ஊத்தி, பஞ்ச அடச்சி வெச்சிட்டேன். அப்புறம் நீ எரியிது எரியிதுன்னு கூப்புடும்போதெல்லாம் கிட்ட வராம ஓடினேன். எப்படிடி சொல்லுவேன்?"

சாமுவேல் பஞ்சைத் திரும்பக் குடுவையில் அடைத்தார்.

தந்தி வந்த அன்று. பொழுது சாயும் முன் நான் முதல் தடவை போய்ப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குடுவையில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். நான் பார்த்ததும், மாமா பார்த்ததும் கிணற்றுத் தண்ணீர் எரிந்ததைத்தான்.

சாமுவேல் இருட்டறையைப் பார்க்கவில்லை. காப்பியும் குடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். குடுவையை எடுத்துப் போகவில்லை. வெறும் தண்ணீரை எடுத்துப் போய் என்ன செய்வது?

மாமா போய்விட்டார். எல்லம்மாள் அத்தையும் போய்விட்டாள். அவள் சாகும் வரை என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ செய்தது தப்பே இல்லை, ஒண்ணு விடாம என்று சொன்னது நான்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

அந்த வாஷர் பிரிக்காத காகிதத்தோடு இன்னும் ஆணியில் தொங்குகிறது. குடுவை அதே பலகை மேல், அதே பஞ்சோடு இருக்கிறது. அது மறுபடியும் எரிந்ததில்லை. பஞ்சு அடைத்த தண்ணீர் வாரத்துக்கு ஒரு நூல் இறங்கும் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நான் அதில் இதுவரை ஒரு சொட்டும் ஊற்றியதில்லை. தண்ணீர் சிவப்புக் கோட்டில்தான் நிற்கிறது.